கணவர் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சு சாட்சியாகுமா?

கேள்வி: கணவர் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். எங்கள் சண்டையை எனக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறார். நான் தூங்கும்போது என் விரலை வைத்துக் கைபேசியைத் திறந்து, அக்காவுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்திருக்கிறார். இரண்டையும் நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்கிறார்களே, இவற்றை நிராகரிக்கச் சொல்ல முடியாதா?

பதில்: சகோதரி, தூங்குகிறவரின் விரலைப் பிடித்துக் கைபேசியைத் திறப்பது அத்துமீறல்தான். ஆனால் சட்டம் அந்த இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அது முதன்மையாக அரசுக்குப் போட்ட கடிவாளம். வீட்டுக்குள் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் சிக்கல்.

2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனைவியின் தொலைபேசி அழைப்புப் பட்டியலைக் கணவர் எடுத்த வழக்கில், தம்பதியருக்கிடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்லி அதைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், கணவனும் மனைவியும் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அவர்களுக்கிடையிலான வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆகவே சண்டைப் பதிவை அந்தரங்கத்தைக் காட்டி முழுவதும் தடுப்பது கடினம்.

அக்காவுக்கு எழுதியது அப்படியல்ல. உச்ச நீதிமன்றம் பேசியது தம்பதியரின் உரையாடலைப் பற்றி; மூன்றாமவருக்கு எழுதியதைப் பற்றி அல்ல. அந்த இடத்தில் மதுரைத் தீர்ப்பைக் காட்டி உங்கள் வழக்கறிஞர் உறுதியாக வாதிடட்டும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவை வெட்டாமல் முழுவதுமாகத் தரச் சொல்லுங்கள்.

அனுமதியின்றிக் கைபேசியிலிருந்து தகவலை எடுத்ததற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீடு கோர இடமுண்டு. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்காது. சொந்த, குடும்பத் தேவைக்காகத் தனிநபர் தரவைக் கையாள்வதை நாடாளுமன்றம் அதிலிருந்து விலக்கிவிட்டது. பெண்களின் கைபேசிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே துருவப்படும் நாட்டில் இப்படி ஒரு விலக்கு இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

அடுத்த வாய்தாவிலேயே மூடிய அறை விசாரணை கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, தம்பதியரில் ஒருவர் கேட்டாலே நீதிமன்றம் அதை அனுமதித்தாக வேண்டும். அக்காவிடம் சொன்னது ஊர்க் காதில் விழ வேண்டியதில்லை.