கேள்வி–பதில்: ₹ அடித்தால் கட்டம் வருகிறதே!

நாணயக் குறிகளை வேர்டில் கொண்டுவருவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

என் லேப்டாப்பில் வலப்பக்க எண் பலகை கிடையாது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 0128 அடித்தால் யூரோ வரும் என்கிறார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. வேறு வழி உண்டா?

ஆல்ட் எண்கள் வலப்பக்க எண் பலகையில் அடித்தால்தான் எடுபடும், அதுவும் நம்லாக் எரிந்தால்தான். மேல் வரிசை எண்களை எத்தனை முறை தட்டினாலும் பலன் இல்லை.

ஆனால் வேர்டில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. குறி வரவேண்டிய இடத்தில் அதன் யூனிகோட் எண்ணை (உலக எழுத்துகள், குறிகள் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட தனி எண்) அடியுங்கள். கர்சரை நகர்த்தாமல் ஆல்ட்+எக்ஸ் அழுத்துங்கள். எண் மறைந்து குறி வந்து நிற்கும். ரூபாய்க்கு 20பி9, யூரோவுக்கு 20ஏசி, பவுண்டுக்கு ஏ3, யென்னுக்கு ஏ5, சென்ட்டுக்கு ஏ2, தென்கொரிய வோனுக்கு 20ஏ9, பிலிப்பைன்ஸ் பெசோவுக்கு 20பி1, தாய்லாந்து பாட்டுக்கு 0இ3எஃப். இங்கே ஏ, பி, சி, இ, எஃப் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஆங்கில எழுத்துகள். பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, இரண்டும் சரி. தமிழ் கீபோர்டில் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இடறும் இடம் ஒன்று உண்டு. 50 சென்ட் என்பதற்காக 50ஏ2 என்று ஒட்டி அடித்து ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால், வேர்ட் முன்னால் உள்ள 50ஐயும் சேர்த்து ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும். 50ஏ2 ஒரு சீன எழுத்தின் எண். திரையில் திடீரென்று சீனம் முளைத்தால் காரணம் இதுதான். ஏ2வை மட்டும் செலக்ட் செய்துவிட்டு அழுத்தினால் சரியாக 50¢ வரும்.

யூரோவுக்கு மட்டும் குறுக்குவழி ஒன்று தயாராகவே இருக்கிறது: கன்ட்ரோல்+ஆல்ட்+இ. லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் ஆல்ட்+எக்ஸ் வேலை செய்யும்.

ஆல்ட்+163 அடித்தால் பவுண்டுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ‘யு’ வருகிறது. ஆல்ட்+8377 வேர்டில் ரூபாய் தருகிறது, நோட்பேடில் ஏதோ இரட்டைக் கோடு தருகிறது. ஏன்?

முதலாவதில் விட்டுப்போனது பூஜ்யம். விண்டோஸில் இரண்டு பட்டியல்கள் உண்டு. பூஜ்யம் இல்லாமல் அடித்தால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பட்டியல், பூஜ்யத்தோடு அடித்தால் விண்டோஸ் பட்டியல். டாஸ் பட்டியலில் 163ஆம் இடத்தில் இருப்பது அந்தக் கோடு போட்ட யு. பவுண்டின் இடம் அங்கே 156. ஆகவே 0163 அடியுங்கள், அல்லது 156.

இரண்டாவது, கணக்கு விஷயம். 20பி9 பதினாறின் அடிப்படையில் எழுதிய எண்; அதையே வழக்கமான பத்தின் அடிப்படையில் எழுதினால் 8377. வேர்டுக்கு அது புரியும். விண்டோஸ் 10 நோட்பேட் போன்றவை 255க்கு மேல் எண்ணுவதில்லை. 8377ஐ 256ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மீதி 185. டாஸ் பட்டியலில் 185ஆம் இடத்தில் இருப்பது ╣. நீங்கள் பார்த்த இரட்டைக் கோடு அதுதான்.

ரூபாய்க் குறி போட்டு அனுப்பிய பில், எதிர்ப்பக்கம் திறக்கும்போது ஒரு இடத்தில் கட்டமாகவும் இன்னொரு இடத்தில் கேள்விக்குறியாகவும் தெரிகிறதாம். என் திரையில் சரியாகவே இருக்கிறது.

கட்டமும் கேள்விக்குறியும் ஒரே நோய் அல்ல. திரையில் தெரியும் குறி என்பது ஒரு எண், அதற்கு ஃபான்ட் வரைந்து தரும் படம், இந்த இரண்டும் சேர்ந்ததுதான். எது கெட்டது என்று தெரியாமல் மருந்து போடக்கூடாது.

கட்டம் வந்தால் எண் பத்திரமாக இருக்கிறது, அங்கே உள்ள ஃபான்ட்டில் படம் இல்லை என்று அர்த்தம். குறியை செலக்ட் செய்து நிர்மலா யூஐ போன்ற ஃபான்ட்டுக்கு மாற்றினால் தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பும் பக்கத்திலேயே சரிசெய்வது மேல்: ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்’ என்பதை டிக் செய்யுங்கள். உரிமக் கட்டுப்பாடு உள்ள சில ஃபான்ட்கள் இதற்கு இடம் தராது. பில் என்றால் நம் பரிந்துரை பிடிஎஃப்; எதிர்ப்பக்கம் திருத்தவேண்டிய தேவையில்லாத ஒன்றை வேர்ட் கோப்பாக அனுப்பவே வேண்டாம்.

கேள்விக்குறி வந்தால் எண்ணே போய்விட்டது. வெறும் உரையாக சேவ் செய்யும்போது பழைய விண்டோஸ் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பட்டியல்) தேர்ந்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் ₹க்கு இடம் இல்லாததால் அதைத் தூக்கிவிட்டுக் கேள்விக்குறியைப் போட்டுவிடும். ஃபான்ட் மாற்றி இதை மீட்க முடியாது. மூலக் கோப்பைத் திறந்து, யூனிகோட் குறிகள் எல்லாவற்றுக்கும் இடம் உள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மறுபடி சேவ் செய்ய வேண்டியதுதான். ஒரு ₹ இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத மூன்று எழுத்துகள் வந்தால் கதை வேறு: யூடிஎஃப்-8இல் ₹க்கு 3 பைட், திறந்த மென்பொருள் அதைப் பழைய குறியாக்கம் என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாகக் காட்டுகிறது. அதில் எதுவும் தொலையவில்லை. திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அந்தக் கோலத்திலேயே சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

நான்காவதாக ஒரு போலி உண்டு, பழைய டெம்ப்ளேட்களில் இன்றும் ஒளிந்திருக்கும். ரூபாய்க் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலை 15இல். யூனிகோடில் இடம் கிடைத்தது அதே ஆண்டு அக்டோபரில். அந்த இடைவெளியில் அவசரத்துக்கு வந்த ஃபான்ட்கள், டேப் விசைக்கு மேலே உள்ள சாய்ந்த ஒற்றைக் குறியின் (`) படத்தை மாற்றி ரூபாய் வரைந்து வைத்தன. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ரூபாய் போய் வெறும் ` நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம்: குறியை அடுத்து கர்சரை வைத்து ஆல்ட்+எக்ஸ் அழுத்துங்கள். 20பி9 என்று வந்தால் அசல், 0060 என்று வந்தால் போலி, 20ஏ8 என்று வந்தால் அது ஆர்எஸ் என்று ஒட்டி எழுதிய பழைய குறி (₨). மறுபடி ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் குறி பழையபடி வந்துவிடும்.

பழைய ஆவணத்தில் ‘ஆர்எஸ்.’ என்று ஆங்கிலத்தில் உள்ளதை எல்லாம் மொத்தமாக ₹ ஆக்கலாமா?

ஆக்கலாம். கன்ட்ரோல்+ஹெச் அழுத்தி, ‘மோர்’ என்பதைத் திறந்து ‘மேட்ச் கேஸ்’ கட்டாயம் டிக் செய்யுங்கள். அதை விட்டால் ‘மிஸஸ்.’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் வாலும் அதே எழுத்துகள்தான் என்பதால், பெயருக்கு முன்னால் ‘எம்₹’ வந்து நிற்கும். முதலில் புள்ளிக்குப் பின் இடைவெளி உள்ளவற்றை மாற்றுங்கள், அப்புறம் இடைவெளி இல்லாதவற்றை. தலைகீழாகச் செய்தால் சில இடங்களில் ‘₹ 500’, சில இடங்களில் ‘₹500’ என்று கலந்துகிடக்கும்.

தினமும் அடிப்பவர்களுக்கு எது வசதி?

விண்டோஸின் மொழி அமைப்பில் ஆங்கிலம் (இந்தியா) கீபோர்டைச் சேர்த்துவிடுங்கள். வலப்பக்க ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ வரும். வேர்டில் மட்டும் அல்ல, எங்கும். மற்ற எழுத்துகள் அமெரிக்க கீபோர்டில் உள்ள இடத்திலேயே இருப்பதால் விரல் தடுமாறாது. பல நாணயங்களைக் கையாள்பவர்கள் இன்சர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ் என்று போய் குறியைத் தேர்ந்து, கீழே உள்ள ‘ஷார்ட்கட் கீ’ பொத்தானில் தங்களுக்குப் பிடித்த விசையைக் கொடுக்கலாம். பக்கத்தில் உள்ள ஆட்டோகரெக்ட்டும் நல்லதுதான்; நீங்கள் வைத்த சுருக்கத்தை அடித்தால் அதுவே குறியாக மாற்றிவிடும். ஆனால் உண்மையான சொல் எதையும் சுருக்கமாக வைக்காதீர்கள்.

பழைய தமிழ் ஃபான்ட்டில் அடிக்கும்போது £ மட்டும் தமிழ் எழுத்தாக மாறுகிறது.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள் பல, 256 இடங்கள் கொண்ட பழைய பட்டியலின் மேல்பாதியில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. பவுண்டின் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஒரு குறியை மட்டும் செலக்ட் செய்து ஏரியலுக்கு மாற்றுங்கள்.

தமிழுக்கென்று தனி ரூபாய்க் குறி உண்டா?

உண்டு: ௹. எண் 0பிஎஃப்9, அடித்து ஆல்ட்+எக்ஸ். பழைய கணக்குச் சுவடிகளைப் படியெடுக்க உதவும். இன்றைய பில்லில் போட்டால் வாங்குபவருக்குப் புரியாது.

வரி முடிவில் ₹ தனியாகவும் தொகை அடுத்த வரியிலும் விழுகிறது.

இடையில் சாதாரண இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டு ஒட்டி எழுதுங்கள். இடைவெளி வேண்டுமென்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ்பார் அழுத்துங்கள்; அந்த இடைவெளியில் வரி உடையாது.