அவளை ஏன் பின்கட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

கேள்வி: என் மகள் இரண்டாவது முறையாக நீட் எழுதினாள். 2025 தேர்வில் 720-க்கு 338 மதிப்பெண். கலந்தாய்வில் இடம் கிடைக்காது என்று பயிற்சி மையத்திலேயே சொல்லிவிட்டார்கள். பத்து நாள்களாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யாராவது விசாரித்து அவள் மனம் நோகக் கூடாதே என்று, உறவினர் வந்தால் அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். தோல்வியைத் தாங்கிக்கொள்ள அவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? மூன்றாம் முறை எழுதச் சொல்லலாமா? அவள் அப்பா செலவான பணத்தை நினைத்தே புலம்பிக்கொண்டிருக்கிறார்.
— ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்ட வரிதான் என்னை மிகவும் உறுத்தியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய், வந்தவர் காபி குடித்து, ஊர்க் கதை பேசி, விடைபெற்றுப் போகும்வரை துவைகல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அங்கே எதைக் கற்றுக்கொள்வாள் என்று நினைக்கிறீர்கள்? தனக்கு நேர்ந்தது ஏமாற்றம் அல்ல, நாலு பேர் கண்ணில் படக் கூடாத அவமானம் என்பதைத்தான். ஏமாற்றம் அவளுடையது, இரண்டு வருட உழைப்பைக் கொட்டியவளுக்கு அழவும், சில நாள் பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. அவமானம் அவள் கொண்டுவந்தது அல்ல, வீட்டார் கொடுத்தது; கொடுத்தவர்களே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

'தோல்வி' என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 தேர்வில் பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண்ணே 144தான். 338 எடுத்தவள் தேறியவள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன். அந்தத் தேர்வை எழுதியவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர், தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.2 லட்சம், அவற்றிலும் ஏறக்குறையப் பாதி, கட்டணத்தைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் எழுந்து வந்துவிடக்கூடிய தனியார் கல்லூரிகளில். எல்லோரும் நன்றாக எழுதினால் எல்லோரும் தேறுகிற பள்ளித் தேர்வு அல்ல இது. எழுதிய அத்தனை பேரும் இன்னும் ஐம்பது மதிப்பெண் கூடுதலாக வாங்கினாலும், இடமில்லாமல் வெளியே நிற்பவர்களில் ஒருவர்கூடக் குறையப்போவதில்லை. இதை முதலில் நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். அவளுக்குக் கற்றுக்கொடுப்பது பிறகு.

ஆறுதல் என்ற பெயரில் இரண்டைச் செய்ய வேண்டாம் என்பேன். விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து இடமிழந்த அப்துல் கலாமின் கதையை யாராவது ஒரு சித்தப்பா கட்டாயம் கொண்டுவருவார். உண்மைக் கதைதான், ஆனால் அதன் கடைசிப் பக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் அது இனிக்கும், முதல் பக்கத்தில் நிற்பவளுக்கு அது இன்னொரு சுமை. மற்றொன்று, 'போனால் போகட்டும்' என்பது. எண்பதுகளின் கடைசியில் இதே மருத்துவத்துக்கு மாநில நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைக்காதவன் நான். அன்று அப்படிச் சொன்னவர்கள் ஒவ்வொருவர் முகமும் இன்றும் நினைவில் இருக்கிறது, நன்றியோடு அல்ல.

மூன்றாம் முறை பற்றிய முடிவை அவளுடைய கண்ணீரைப் பார்த்தும் எடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்தும் எடுக்காதீர்கள். அவள் அழுது ஓய்ந்த பிறகு, விடைக்குறிப்பையும் அவளுடைய ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் எடுத்துவைத்துக்கொண்டு அவளே கணக்குப் போடட்டும். 180 கேள்விகள், சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 100 கேள்விகளைச் சரியாகவும் 62 கேள்விகளைத் தவறாகவும் எழுதியவளுக்குக் கிடைப்பது 338. 86 சரி, 6 தவறு, மீதி 88 கேள்விகளைத் தொடவே இல்லை என்றாலும் அதே 338தான். முதலாமவள் அந்த 62 பக்கம் போகாமல் இருந்திருந்தாலே 400 வந்திருக்கும். அவளுக்கு வேண்டியது ஊகித்து வட்டத்தைக் கறுப்பாக்கும் கையைக் கட்டுவது. இரண்டாமவள் தெரிந்ததைச் சரியாகத் தெரிந்தவள். தொடாத 88-இல் இயற்பியல் எத்தனை, நேரம் போதாமல் விட்டது எத்தனை என்று பார்க்க வேண்டும். இந்த இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துவதற்குத்தான் நாம் இன்னொரு வருடக் கட்டணம் கட்டுகிறோம். எங்கே போயிற்று என்று அவளால் சொல்ல முடிந்தால், எழுதும் ஆசையும் அவளுக்கே இருந்தால், எழுதட்டும். சொல்ல முடியவில்லை என்றால் மூன்றாம் முறையும் இதே இடத்தில்தான் வந்து நிற்பாள்.

இதற்கிடையில் கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு, மருந்தியல் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. விண்ணப்ப நாள்கள் குறைவாகவே இருக்கும் என்பதால் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆனால் 'இதுவாவது படி' என்ற தொனியில் நீட்டாதீர்கள். அந்த 'ஆவது' ஒன்றே போதும், அவள் வேண்டாம் என்று சொல்ல.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தூக்கம் அறவே கெட்டு, சாப்பாட்டை ஒதுக்கி, 'நான் இல்லாமல் போனால் உங்களுக்குச் செலவு மிச்சம்' என்கிற மாதிரி விளையாட்டாகக்கூட ஒரு வார்த்தை வந்தால், அவளைத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு 104 அல்லது 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். இப்படி ஒரு வாக்கியத்துக்கான விதை உங்கள் வீட்டில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

அடுத்த முறை உறவினர் வரும்போது அவளைக் கூடத்திலேயே இருக்கவிடுங்கள். 'என்ன ஆயிற்று?' என்று கேட்டால், '338, இந்த வருடம் இடம் கிடைக்கவில்லை' என்று அவளே சொல்லட்டும். சொல்ல வரவில்லை என்றால், குரலைத் தாழ்த்தாமல் நீங்கள் சொல்லுங்கள். பணம் பற்றிய புலம்பலை மட்டும் உங்கள் கணவர் எனக்குத் தனிக் கடிதமாக எழுதட்டும். அவள் காதில் விழ வேண்டாம்.