மயிலாடுதுறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ போடுகிறேன். என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: இரண்டு எடிட்டர்கள், பெரும்பாலும் கல்யாணம், நடுவில் கும்பாபிஷேகம், தேர்த் திருவிழா. சோனி கேமராவில் 4கே ஷூட், ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா. கடைக்காரர் "பெரிய கிராபிக்ஸ் கார்டாகப் போட்டுவிடுங்கள், எல்லாம் ஓடும்" என்கிறார். மேக் எடுக்கலாமா என்றும் கேட்கிறீர்கள்.

நான் கும்பகோணத்தில் இதே தொழிலில் இருக்கிறேன். எங்கள் மெஷின்களை நானே அசெம்பிள் செய்கிறேன், பராமரிப்பும் நானே. கடைக்காரர் சொல்வது கேம் விளையாடுகிறவருக்குப் பொருந்தும். உங்களுக்கு கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சு கொஞ்சம் பின்னால்தான் வர வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கேமரா எந்தக் கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதும் எந்த முறையில், பதிவு செய்கிறது என்பதை.

காரணம் சொல்கிறேன். ஹெச்.264, ஹெச்.265 என்ற இரண்டு கோடெக்கிலும் பெரும்பாலும் எல்லா ஃபிரேமும் முழுதாகப் பதிவாவதில்லை. ஒரு ஃபிரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் எழுதி வைக்கும். அதனால்தான் ஃபைல் சின்னதாக இருக்கிறது. ஆனால் டைம்லைனில் நீங்கள் ஓரிடத்தில் நிறுத்தும்போது, அக்கம்பக்கத்து ஃபிரேம்களை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த ஒரு படத்தைக் காட்ட முடியும். மூன்று கேமராவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு வெட்டும் மல்டிகேமில் போட்டால் இந்த வேலை மூன்று மடங்கு. இதைச் செய்வதற்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு டிகோடர் இருக்கிறது. உங்கள் ஃபுட்டேஜ் அந்த டிகோடருக்குத் தெரிந்த வகையாக இருந்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். தெரியாத வகையாக இருந்தால் பாரம் முழுக்க ப்ராசஸர் தலையில் விழும், எவ்வளவு விலை கொடுத்த மெஷினானாலும் திக்கும்.

சிக்கல் வருவது 10 பிட் 4:2:2-இல், அதாவது நிறத் தகவலை அதிகமாக வைத்துக்கொள்ளும் பதிவு முறையில். கலர் கிரேடிங்குக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் அதில்தான் எடுக்கிறோம். என்விடியாவின் 40 சீரிஸ் வரைக்கும் வந்த ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகள் எதுவும் 4:2:2-ஐ டிகோட் செய்யாது. 2025-இல் வந்த 50 சீரிஸ்தான் ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலும் செய்கிறது. இன்டெலில் 11-ஆம் தலைமுறையிலிருந்து, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ஹெச்.265 4:2:2-ஐ டிகோட் செய்யும், ஹெச்.264 4:2:2-ஐப் பெரும்பாலும் செய்யாது. ஏஎம்டியின் ரைசன் அருமையான ப்ராசஸர், ஆனால் அதன் உள் கிராபிக்ஸ் 4:2:2-ஐத் தொடாது. ரைசன்தான் வேண்டும் என்றால் 50 சீரிஸ் கார்டோடு சேர்த்து எடுங்கள்.

சோனி மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்று இருந்தால் அது ஹெச்.264. எச்எஸ் என்று இருந்தால் ஹெச்.265. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மூன்று கேமராவிலும் இதைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுக்கும் கேமராவையும் விடாதீர்கள்.

இன்டெல் வாங்கும்போது இன்னொன்றில் கவனம் வேண்டும். மாடல் எண் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். "அண்ணே, எஃப் போட்டா கொஞ்சம் மிச்சமாகும், தனியா கார்டு போடறீங்களே, அது எதுக்கு?" என்பார்கள். எடிட்டிங்குக்கு அந்த மிச்சம் வேண்டாம். கேஎஃப் என்று இருந்தாலும் இதே கதைதான். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் எடுத்தால் முதல் வேலையாக பயாஸை (மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரை) அப்டேட் செய்யச் சொல்லுங்கள். அந்த உயர்ரக சிப்புகள் அதிக வோல்டேஜால் பழுதாவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்தமும் கூடுதல் வாரண்டியும் கொடுத்தது.

கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கல்யாண ஃபுட்டேஜில் ஒரு முகூர்த்தக் காட்சியை, மூன்று கேமரா கிளிப்பையும், ஒரு எஸ்எஸ்டியில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரிலேயே மூன்றையும் அடுக்கி ஓட விடுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ பக்கத்தில் "வீடியோ டிகோட்" என்ற கிராஃபைப் பாருங்கள். அது ஏறி ஓடினால் சரி. அது தரையில் படுத்துக்கொண்டு, சிபியூ 100-ஐத் தொட்டால் அந்த மெஷின் உங்கள் கேமராவுக்கு ஆகாது. நீங்கள் எடிட் செய்யும் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ் என்றால், அதன் ஸ்டுடியோ என்ற காசுப் பதிப்பில் சோதிக்கச் சொல்லுங்கள், விண்டோஸில் இலவசப் பதிப்பு இந்த டிகோடரை முழுதாகப் பயன்படுத்தாது. ஸ்டுடியோ பதிப்பை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை.

அடுத்தது ஸ்டோரேஜ். கேமரா 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மாப்பிள்ளை அழைப்பு தொடங்கி நலங்கு வரை மூன்று கேமராவும் ஆளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. இரண்டு பிரதி வைத்தால் 1.6 டிபி. வைகாசியில் வாரத்துக்கு இரண்டு முகூர்த்தம் வந்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு பிரதி வேறு வேறு டிஸ்கில் ஏறும் வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது என்பதை எடிட்டர், உதவியாளர் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். தாலி கட்டுக்கு ரீடேக் கிடையாது.

நடப்பு வேலைக்கு என்விஎம்இ எனும் வேகமான எஸ்எஸ்டி 2 டிபி, மெஷினுக்கு ஒன்று. விலை மலிவாக இருக்கிறதே என்று க்யூஎல்சி வகையை எடுக்காதீர்கள். முதல் கொஞ்ச நேரம் பறக்கும், கேஷ் எனும் வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் 800 ஜிபியை ஏற்றும்போது நொண்டும். பழைய வேலைகளைப் போட்டு வைக்க ஹார்டு டிஸ்க் போதும். அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் சிஎம்ஆர் வகையா, ஏறி எழுதும் எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டு சிஎம்ஆரே வாங்குங்கள். ரெய்டு (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட்டிருக்கிறேன், அதனால் பேக்கப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு டிஸ்க் போனால் ரெய்டு காப்பாற்றும். எடிட்டர் தெரியாமல் அழித்தாலோ, இடி இறங்கினாலோ, எல்லாம் சேர்ந்தே போகும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஊர் ஊராக வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. நம் பகுதியில் ஒரு பிரதியை வேறு ஊரில் வைப்பது அவசியம். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சொந்தக்காரர் வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க் இருந்தால் போதும்.

இரண்டு எடிட்டரும் ஒரே ஃபுட்டேஜில் வேலை செய்ய நாஸ் (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி) வைக்கப் போகிறீர்கள் என்றால், 10 கிகாபிட் நெட்வொர்க் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் பாருங்கள்: 100 எம்பிபிஎஸ் கிளிப் ஒன்றுக்கு விநாடிக்கு 12.5 எம்பி, அதாவது மெகாபைட் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). மூன்று கேமரா, இரண்டு எடிட்டர், மொத்தம் 75 எம்பி. சாதாரண கிகாபிட்டே விநாடிக்கு 110 எம்பி வரை தரும். 2.5 கிகாபிட் போட்டால் தாராளம்.

இப்போது கரண்டு. டெல்டாவில் எடிட்டிங் ரூம் போடுகிறவர் இதற்கு ஒதுக்கும் காசு வீண் போகாது. குறுவைக்கு மோட்டார் ஓடும் மாதங்களில் ஊர்ப்புறத்தில் வோல்டேஜ் எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். யூபிஎஸ் மெயின் கரண்டு போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவாகவும், வோல்டேஜைத் தானே சரிசெய்யும் ஏவிஆர் உள்ளதாகவும் இருக்கட்டும். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) கரண்டைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிறது. மலிவு யூபிஎஸ்ஸின் போலி சைன் அலையில் சில எஸ்எம்பிஎஸ் தடாலென்று அணைந்துவிடும், அப்புறம் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏவைப் பார்க்காமல், ஓரத்தில் பொடியாக எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். 1000 விஏ என்று விற்பது பல நேரம் 600 வாட்தான். ரெண்டரில் மெஷின் 450 வாட் இழுத்து, மானிட்டரும் நாஸும் சேர்ந்தால் அது விளிம்பில் நிற்கும்.

எர்த்தையும் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 3 வோல்டுக்கு மேல் காட்டி, கோளாறு எர்த்தில்தான் என்று அவர் சொன்னால், கரியும் உப்பும் போட்டுப் புதிய எர்த் குழி எடுங்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துவிடும், குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தை, மாசியில் சம்பா அறுவடை. அறுப்பு மெஷின் இறங்கிய நாளிலிருந்து நெல் சுனையும் வைக்கோல் தூசியும் ஊரெல்லாம் பறக்கும். அந்த மாதங்களில் கேபினெட்டின் முன் ஃபில்டரைக் கழற்றினால் பழுப்பாக ஒரு பஞ்சு விரிப்பு மாதிரி உரிந்து வரும். காற்று உள்ளே போகாமல் சூடு ஏறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ரெண்டர் இழுக்கும், யாருக்கும் காரணம் புரியாது. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் வேண்டாம். வலை வைத்து, ஃபில்டரைக் கையாலேயே கழற்றும்படி இருப்பதை எடுங்கள்.

ரேம் 64 ஜிபி, 32 ஜிபி ஸ்டிக்காக இரண்டு. நான்கு ஸ்டிக் செருகினால் டிடிஆர்5 வேகம் குறையும். கையில் காசு இப்போது இல்லையென்றால் 32-இல் ஆரம்பிக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது வருவோம். இரவில் தேர், வெளிச்சம் குறைந்த மண்டபம், இதிலெல்லாம் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாமல் முடியாது. அந்த வேலை முழுக்க கார்டுடையது. 12 அல்லது 16 ஜிபி உள்ள 50 சீரிஸ் நடுத்தரக் கார்டு போதும். அதற்கு மேல் செலவழிக்கும் பணம் மானிட்டருக்குப் போகட்டும். பட்டுப்புடவையின் அரக்கும் தாலிக் கயிற்றின் மஞ்சளும் மாறிவிட்டால் பெண் வீட்டார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஐபிஎஸ் பேனல், முழு எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு, ஆளுக்கு ஒன்று, இரண்டையும் நிறம் அளக்கும் ஒரே கேலிபரேட்டரில் அளந்து வையுங்கள்.

மேக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எம் சீரிஸ் மேக் ஹெச்.265 4:2:2-ஐச் சுலபமாக டிகோட் செய்யும், கரண்டும் குறைவாகத்தான் எடுக்கும், அதனால் சின்ன யூபிஎஸ்ஸிலேயே நெடுநேரம் நிற்கும். ஆனால் பிறகு ரேம் ஏற்ற முடியாது. பழுதானால் உள்ளூரில் ஒரு பாகத்தை மாற்றிக்கொண்டு மறுநாள் வேலையைத் தொடரவும் முடியாது. இரண்டு மெஷினில் ஒன்று மேக், ஒன்று விண்டோஸ் என்று வைப்பதை நான் சொல்ல மாட்டேன். ஒன்று நின்றால் அடுத்ததில் அதே ப்ராஜெக்ட் சிக்கலில்லாமல் திறக்க வேண்டும்.

வாங்கும் நேரம் ஆடி. அப்போது கல்யாணம் இல்லை, கடைக்காரருக்கும் அவசரம் இல்லை. பில் போட்ட அன்றிலிருந்து பழைய கல்யாணம் ஒன்றை முழுதாக ஏற்றி, வெட்டி, கிரேட் பண்ணி, நாள் முழுக்க ரெண்டர் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது பாகம் கோளாறு என்றால் வாரண்டிக்குச் சென்னை போய்த் திரும்பி வந்தாலும் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மெஷின் கையில் இருக்கும்.