பிரசவத்துக்குப் பிறகு: எதை முன்பே வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

கேள்வி: எனக்கு இப்போது 34 வாரம். பிரசவத்துக்குப் பின் தாய்க்குத் தேவையானவை என்று 18 பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றை விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தகைய பெட்டிகளில் சில பொருள்கள் சுகப்பிரசவத் தையலுக்கு, சில சிசேரியனுக்கு. உங்களுக்கு எது என்று இன்றைக்குத் தெரியாது. எதுவானாலும் ஒரு பங்கு பிரிக்காமலே கிடக்கும்.

முதல் பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் 36 வாரத்துக்குள் எடுத்து வையுங்கள். பேட் (அளவு அடுத்த பதிலில்), பருத்தி உள்ளாடை ஆறு, நீர் பீய்ச்சும் பாட்டில் ஒன்று. உள்ளாடையின் எலாஸ்டிக் தொப்புள்வரை ஏற வேண்டும். சிசேரியன் கீறல் பெரும்பாலும் அடிவயிற்றில், பூப்பு எலும்புக்குச் சற்று மேலே குறுக்காகப் போகும். தாழ்வான இடுப்புப் பட்டை சரியாக அதன் மேலேயே உரசும். கர்ப்பத்துக்கு முந்தைய அளவை நம்பாதீர்கள். குழந்தை பிறந்த மறுநாளும் வயிறு ஐந்தாறு மாதக் கர்ப்பம்போலத்தான் இருக்கும்.

பாட்டில் கையால் அழுத்தினால் பீய்ச்சும் மிருதுவான பிளாஸ்டிக்காக, 300 மில்லி அளவில் இருந்தால் போதும். கழுத்து வளைந்திருந்தால் குனியத் தேவையில்லை. சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரைத் தையல்மேல் விட்டால் சிறுநீர் நீர்த்துப்போய் எரிச்சல் குறையும். அதில் கிருமிநாசினி கலக்காதீர்கள். புண்பட்ட தோல் இன்னும் எரியும். பிறகு முன்னிருந்து பின்னாக ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம்.

கேள்வி: பேட் எத்தனை வாங்குவது? 150 வாங்கச் சொல்கிறார்களே?

பதில்: பேறுகாலப் பேட் 60 போதும். முதல் மூன்று நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்ற நேரிடும். நாளுக்கு எட்டு முதல் பத்து. அடுத்த ஒரு வாரம் நாளுக்கு நான்கைந்து. அதன்பின் வழக்கமான நாப்கினே தாங்கும். உதிரப்போக்கு சிவப்பிலிருந்து பழுப்புக்கும் பிறகு மஞ்சள் கலந்த வெள்ளைக்கும் மாறி, நான்கு முதல் ஆறு வாரத்தில் அடங்கும்.

வாங்கும்போது மேல்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். துளைத்துளையான பிளாஸ்டிக் வலை இருந்தால் தையல் நூல் சிக்கி இழுக்கும். பஞ்சுபோன்ற மேல்பரப்பு நல்லது. வாசனை சேர்த்தது வேண்டாம். டாம்பன், மென்ஸ்ட்ரூவல் கப் இரண்டையும் ஆறு வாரப் பரிசோதனைவரை தொடாதீர்கள். கருப்பைக்குள் இருக்கும் புண் ஆறும் முன் கிருமி ஏறிவிடலாம்.

காலையில் எழுந்ததும் குபுக்கென்று கொஞ்சம் வருவது படுத்திருந்தபோது தேங்கியது, பயமில்லை. ஒரே மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தால், அல்லது முட்டையைவிடப் பெரிய கட்டி வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வயிற்றுப் பெல்ட் கட்டினால் தொப்பை போகுமா? எந்த வகை வாங்க?

பதில்: போகாது. கருப்பை தானாகவே சுருங்கி ஏறத்தாழ ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வரும். பாலூட்டுவது அதற்கு உதவும். வயிற்றுத் தசையின் நடுவே விழுந்த இடைவெளியையும் பெல்ட் மூடாது. முதல் சில வாரங்களில் அது பெரும்பாலும் தானே குறையும், மிச்சத்துக்கு உடற்பயிற்சிதான்.

ஆனால் சிசேரியனுக்குப் பிறகு எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் கீறலைத் தாங்கிப் பிடிக்கப் பெல்ட் நிஜமாகவே உதவும். அந்த வேலைக்கு என்றால் வாங்கலாம். அதுவும் குழந்தை பிறந்த பிறகு, வயிற்றின் அகலமான இடத்தை டேப்பால் அளந்து. இரண்டு அளவுக்கு நடுவே நின்றால் பெரியதை எடுங்கள். உயரம் 20–25 செ.மீ.க்கு மேல் போனால் உட்காரும்போது விளிம்பு சுருண்டு விலாவில் குத்தும். கம்பி வைத்ததும், இடுப்பை ஒடுக்குவதற்கென்றே செய்ததும் வேண்டாம். வெல்குரோவின் சொரசொரப்பான ஓரம் கீறல்மேல் படக்கூடாது. உள்ளே பருத்தித் துணி இருக்கட்டும்.

கட்டிய பிறகு உள்ளங்கை தட்டையாக உள்ளே நுழைய வேண்டும், மூச்சு முழுதாக இழுக்க முடிய வேண்டும். தொப்பை கரையும் என்று இறுக்கிக் கட்டுவதால்தான் கெடுதல் வருகிறது. மேலே அழுத்தினால் அழுத்தம் கீழே இறங்கும். ஏற்கெனவே தளர்ந்துள்ள இடுப்புத்தளத் தசைமேல் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை) அது விழும்போது சிறுநீர் கசிவும், கீழே ஏதோ இறங்குவதுபோன்ற கனமும் வரலாம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கீறல் சிவந்தாலோ நீர் கசிந்தாலோ கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்கவே வேண்டாம் என்றால், கெட்டியான தலையணை ஒன்றைக் கீறல்மேல் அணைத்துக்கொண்டு இருமுங்கள். முதல் வாரத்துக்கு அதுவே பெரிய உதவி.

கேள்வி: தையல் போட்டிருந்தால் நடுவில் ஓட்டையுள்ள வட்டக் குஷன் வேண்டுமா?

பதில்: நீண்ட நேரம் அதில் உட்கார்ந்தால் நடுப்பகுதி தொங்கி வீக்கம் கூடலாம். இரண்டு துண்டுகளைச் சுருட்டித் தொடைக்கு ஒன்றாக வையுங்கள். அந்தச் செலவை 15–20 செ.மீ. உயரமுள்ள ஒரு கால் முக்காலிக்குச் செய்யுங்கள். முதல் முறை மலம் கழிக்கப் பயந்து அடக்குகிற தாய்மார் ஏராளம். அடக்க அடக்க இறுகும். கால்களை முக்காலியில் ஏற்றி, முன்னே சாய்ந்து, சுத்தமான பேட் ஒன்றைத் தையல்மேல் மெல்ல அழுத்திக்கொண்டால் பிரியாது. இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும் என்பதால், வீடு திரும்பும் முன்பே மலமிளக்கி பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரெஸ்ட் பம்ப் முன்பே வாங்கவா? தோழி பயன்படுத்தியது ஒன்று கிடைக்கிறது.

பதில்: காத்திருங்கள். குழந்தை நன்றாகச் சப்பிக் குடித்தால் தேவையே வராமல் போகலாம். பழைய பம்பை வாங்காதீர்கள்: பால் மோட்டார்வரை போகாமல் தடுக்கும் திரை இல்லாத வகையில் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கலாம், அதைக் கழுவ வழியில்லை. புதிதானால் மார்பில் வைக்கும் புனலின் அளவைப் பாருங்கள். பல பம்புகளோடு 24 மி.மீ. புனல்தான் வரும், அது எல்லோருக்கும் பொருந்தாது. காம்பின் விட்டத்தை அளந்து, அதைவிடச் சற்றே அகலமானதை எடுங்கள். சிறியது உரசிப் புண்ணாக்கும். பெரியது சுற்றியுள்ள தோலையும் இழுத்து வீங்க வைக்கும். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் மட்டும் முதல் நாளிலிருந்தே பம்ப் வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுக்க நேரும் என்பதால், மருத்துவமனையில் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய இரட்டைப் பம்பைக் கேளுங்கள்.