வாசகர் கேள்வி – பதில்: பட்டப்பெயர் வைப்பவர் யார்?

கேள்வி: ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசினாலே எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் 'பிந்தாங் தீகா' என்பார்கள். தேர்தல் வந்தால் கட்சிகளை ராக்கெட், தராசு, நிலா என்கிறோம். வரலாறு படிக்கும் என் மகனோ 'அச்சு நாடுகள்' என்கிறான். இப்படிப்பட்ட பெயர்களை யார் வைக்கிறார்கள்?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, பெரும்பாலும் வெளியில் நின்று பார்க்கிறவர்களே வைக்கிறார்கள். கட்சிகளுக்கு வாக்குச்சீட்டிலும் கொடியிலும் உள்ள சின்னமே பெயராகிவிடுகிறது.

'மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை' என்ற நீண்ட பெயர் சாதாரண மக்களின் வாயில் நுழையவில்லை. காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள் கண்டது, மலாய், சீன, இந்திய இனங்களைக் குறித்து அப்படையினர் தொப்பியில் அணிந்திருந்த மூன்று நட்சத்திரங்களைத்தான். அதுவே பிந்தாங் தீகா ஆயிற்று. போர் முடிந்தபின், 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊரின் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து மீண்டும் காட்டுக்குள் போனவர்களில் பலர் அந்தப் பழைய படையினரே. அவர்களைப் பிரிட்டிஷ் அரசு முதலில் 'கொள்ளையர்' என்றது. 1952இல் அதை விட்டுக் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்று மாற்றிக்கொண்டது. ஜப்பானியரை எதிர்த்தபோது பிரிட்டனின் ஆயுதமும் பயிற்சியும் பெற்றவர்கள் அவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆகவே, ஒரு பெயரைக் கேட்டதும் அதை வைத்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்று உங்கள் மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

'அச்சு' என்பது இதற்கு விதிவிலக்கு. 1936 நவம்பர் 1 அன்று மிலான் நகரில் பேசிய இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி, ரோமையும் பெர்லினையும் இணைக்கும் கோட்டை ஓர் அச்சு என்றும், அமைதி விரும்பும் ஐரோப்பிய நாடுகள் அதைச் சுற்றி ஒத்துழைக்கலாம் என்றும் சொன்னார். 1940இல் ஜப்பானும் ஜெர்மனி, இத்தாலியுடன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தாங்களே பெருமையாகச் சொன்ன பெயரை எதிரிகளும் எடுத்து ஆண்டதால், இன்று அது குற்றப்பெயராகவே ஒலிக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியினரைக் குறிக்கும் 'டோரி' என்பது, அயர்லாந்தின் வழிப்பறிக் கொள்ளையரைக் குறித்த சொல்; 1679 முதல் 1681 வரை நடந்த அரியணை வாரிசுத் தகராறில், எதிரணியினர் அதை வசையாக வீசினர். ஏச்சு வாங்கியவர்களின் வழிவந்தவர்கள் இன்று அதையே தங்கள் பெயராகச் சொல்லிக்கொள்கிறார்கள்.