தந்தி, மெட்டு, சுருதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய சாப்மன் ரெயில்போர்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். மத்தியானம் சுருதி சேர்த்தால் சாயங்காலம் இறங்கிவிடுகிறது. அதே அறையில் இருக்கும் கிட்டார் ஏறுகிறது. எதில் கோளாறு?
(ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: இதை மீட்டுவதில்லை. இரண்டு கை விரல்களாலும் தந்தியை மெட்டின் (கழுத்தில் குறுக்கே வரும் கட்டையின்) மேல் தட்டித்தான் வாசிப்பது. கலிஃபோர்னியாவின் எம்மெட் சாப்மன் 1969இல் இப்படி வாசிக்கத் தனக்கென ஒரு முறையை உருவாக்கி, 1974இல் ‘ஸ்டிக்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மரத்தில் வந்த அந்த ஸ்டிக்கின் அலுமினிய வடிவம்தான் ரெயில்போர்டு. நம் வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறோம். இதில் உடம்பும் மெட்டும் ஒரே உலோகம், ஒன்றாகவே கடைந்தெடுத்தது.

இனி சுருதி. பத்து டிகிரி குளிர்ந்தால் ஒரு மீட்டர் அலுமினியம் 0.23 மில்லிமீட்டர் சுருங்கும். எஃகுத் தந்தி அதில் பாதிதான், ஏறக்குறைய 0.12. உடம்பு தந்தியைவிட அதிகமாகச் சுருங்குவதால் தந்தி தளர்ந்து சுருதி இறங்குகிறது. கிட்டாரில் இது தலைகீழ்: மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவே சுருங்கும், தந்தி அதைவிட அதிகம் சுருங்கி இறுகிக்கொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) திருகாதீர்கள். வாசிக்கப்போகும் அறையில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, ஒரு சுற்று வாசித்து, அப்புறம் சேருங்கள். கைச்சூட்டில் தந்தி உடனே தளரும், உடம்பு மெதுவாகத்தான் சூடேறும். இரண்டும் ஒரு நிலைக்கு வரும்வரை அவசரப்பட்டால் இரவு முழுக்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: திருகாணிகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
(அதே வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால் மேல்பூச்சு போய்விடும். இதன் மேலிருப்பது பெயின்ட் இல்லை, அனோடைஸ் செய்த பூச்சு. அமில நீரில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேல்தோலையே கெட்டியான ஆக்சைடாக மாற்றியிருக்கிறார்கள். புளி, எலுமிச்சை, சோடா உப்பு எல்லாமே அதை அரிக்கும். திருகாணி உரசிப் பூச்சு போன இடத்தில் ஸ்டீலும் அலுமினியமும் நேராகத் தொடுகின்றன. நம் மூடுபனியும் கை வியர்வையின் உப்பும் சேர்ந்தால் அங்கே அலுமினியம் அரிபடும், அதுதான் அந்தப் பொடி. திருகாணியைக் கழற்றி நைலான் பிரஷ்ஷால் உலர்வாகத் துடையுங்கள். அடியில் மெல்லிய நைலான் வாஷர் வைத்து, மரையில் துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். குன்னூரில் என் பட்டறைக்கு வரும் உலோக வாத்தியம் எதுவானாலும் முதலில் திருகாணியைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு ரெயில்போர்டோடு கச்சேரிக்குப் போனேன். பெட்டியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் உலோகம் முழுக்க நீர்த்துளி! மழையே இல்லை.
(ஒரு வாசகி, கொடைக்கானல்)

பதில்: குளிர்ந்த உலோகத்தில் கீழ்நாட்டின் ஈரக்காற்று பட்டால் வேர்க்கத்தான் செய்யும். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். தலைப்பக்கத்தில் தந்தி அதிராமல் பிடிக்கும் மெத்தைத் துணி இருக்கிறதல்லவா, ஈரம் அதில்தான் தங்கும். எஃகுத் தந்தியில் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதைக் காய வைத்துவிட்டு வாசியுங்கள்.

கேள்வி: கோவையில் சி.என்.சி. (கணினி வழி உலோகம் கடையும்) பட்டறையில் ரெயில்போர்டு போல ஒன்று செய்ய ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
(ஒரு வாசகர், உதகை)

பதில்: உலோகத்தை முடிவு செய்வது சுலபம், 6061 ரக அலுமினியக் கலவை போதும். மெட்டின் முனையில்தான் வேலை இருக்கிறது. கூரான விளிம்பில் அனோடைஸ் பூச்சு சீராகப் படியாது, வெடிப்பு விடும். எஃகுத் தந்தி தினமும் அடிக்கிற இடம் அது. பூச்சு போனால் உள்ளே இருப்பது மென்மையான உலோகம், பள்ளம் விழும். தனி மெட்டாக இருந்தால் பிடுங்கி மாற்றலாம், இதில் அது முடியாது. பூச்சை உரித்து மறுபடி போடுவதும் எளிதல்ல, உரிக்கும்போது உலோகமும் கரைந்து மெட்டின் உயரம் குறையும். அதனால் ஒவ்வொரு மெட்டின் தலையையும் கூர் இல்லாமல் உருண்டையாக்கச் சொல்லுங்கள், அலங்காரப் பூச்சு வேண்டாம், ஹார்டு அனோடைஸ் (தடித்த, கடினமான பூச்சு) 50 மைக்ரான் கேளுங்கள். அதில் பாதி வெளிப்பக்கம் வளரும், மரைத்துளைகள் இறுகும். அவற்றை முன்னமே அடைத்து வைக்க வேண்டும்.

பூச்சுக்கு முன் மேற்பரப்பைக் கண்ணாடி போல மெருகேற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மேடை விளக்கில் கண் கூசும், விரல் ரேகை அப்பட்டமாகத் தெரியும். மங்கலான மணல்வீச்சு அழகு, விரலும் ஒட்டாமல் நகரும். முதலில் மூன்று மெட்டோடு ஒரு சாண் நீளத்தில் மாதிரித் துண்டு கடைந்து பூச்சும் போடச் சொல்லுங்கள். அதன் மேல் பழைய தந்தியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கீறல் விழாவிட்டால் முழு வேலைக்கு முன்பணம் கொடுங்கள்.