ஒரு இறக்கைக்குக் கறுப்பு

கேள்வி: காற்றாலையில் பறவைகள் மோதிச் சாவதைத் தடுக்கவே முடியாதா?

பதில்: முடியும், பெயின்டே பெரிய அளவில் உதவுகிறது. நார்வேயின் ஸ்மோலா தீவில் 2013-இல் நான்கு காற்றாலைகளுக்கு, மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு பூசினார்கள். பூசாதவற்றோடு ஒப்பிட்டால் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்கிறது 2020-இல் வந்த ஆய்வு. மூன்றும் ஒரே நிறமாக வேகமாகச் சுழலும்போது பறவையின் கண்ணுக்கு அவை கலங்கி மங்கிவிடுகின்றன, ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் அந்த அசைவு தெரிகிறது, பறவை விலகிக்கொள்கிறது என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை. நான்கே காற்றாலை என்பதால் மற்ற இடங்களிலும் சோதிக்க வேண்டும், அதை உடனே செய்ய வேண்டும் என்பேன். வௌவால்களுக்கு வழி வேறு: காற்று மெதுவாக வீசும் இரவுகளில் இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்தாலே சாவு நன்றாகக் குறைகிறது, அப்புறம் அந்த நேரத்தில் இழக்கும் மின்சாரமும் சொற்பம்தான்.